சீஸ் அடைத்த பூண்டு ரொட்டி

டில்லியில் பேரனின் பிறந்தநாளுக்கு வரும் சிறுவர்களுக்குக் கேசரியும் வடையும் மட்டும் வைத்தால் தட்டு அப்படியே திரும்பி வருகிறது. கடை ரொட்டியோ குளிரில் வீடு வந்து சேர்வதற்குள் ஆறி, சீஸ் ரப்பராகிவிடும். வீட்டிலேயே செய்வோம்.

கால் கிலோ மைதா, இன்ஸ்டன்ட் ஈஸ்ட், சர்க்கரை தலா ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, சிறிது எண்ணெய், வெதுவெதுப்பான நீர் சுமார் 150 மில்லி. நீர் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். 10 நிமிடம் நன்றாகப் பிசைந்து மூடி வையுங்கள். கோடையில் ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகும் மாவு, ஜனவரியில் இரண்டு மணி நேரமும் கேட்கும்.

பூரணத்துக்குத் துருவிய மொஸரெல்லா 150 கிராம். சாதாரண பிராசஸ்டு சீஸில் சேர்க்கும் உப்புகள் அதைக் குழைவாக உருக்கும், நூலாக இழுபடாது. வேகவைத்த சோளமுத்துக்களைத் துணியில் ஒற்றி எடுங்கள். இது முக்கியம். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் இடம் தேடும். ரயில்வேயில் நாங்கள் நீராவி இன்ஜினுக்குச் சேஃப்டி வால்வு வைத்ததே அதற்காகத்தான்!

மாவை இரண்டாக்கி வட்டமாகத் தேய்த்து, பாதியில் பூரணம் பரப்பி, விளிம்பில் நீர் தடவி, சோமாசி போல மடித்து அழுத்துங்கள். மேலே கத்தியால் நாலைந்து கீறல் போட்டால் ஆவி அவ்வழியே போகும். மடிப்பு பிரிந்து சீஸ் தட்டில் ஒழுகாது.

நசுக்கிய பூண்டும் கொத்தமல்லியும் கலந்த வெண்ணெய் தடவி, 200 டிகிரிக்குச் சூடேறிய ஓவனில் 15 முதல் 18 நிமிடம். எடுத்ததும் ஐந்து நிமிடம் தட்டை உயரத்தில் வையுங்கள். உருகிய சீஸ் வாயில் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகள் சொன்னால் கேட்கமாட்டார்கள்.