எட்டு மாதம் ஹாஸ்டல், ஆறு மாதம் திண்ணை

2018 நவம்பர் 16. விடிந்து பார்த்தால் பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. கஜா புயல். எனக்கு அது பிளஸ் டூ வருஷம். பல நாள் கரண்ட் இல்லை. அரசுப் பள்ளியில் சனிக்கிழமை நடந்த இலவச நீட் வகுப்பும் தடைப்பட்டது. அடுத்த மே 5-ல் தேர்வு எழுதி 720-க்கு 175 வாங்கினேன். 'தகுதி' என்று வந்திருந்ததால் அப்பாயி தெருவுக்கே சர்க்கரை கொடுத்துவிட்டது. தகுதி வேறு, சீட்டு வேறு என்று ஜூலையில்தான் எங்களுக்கு விளங்கியது.

வீட்டிலேயே மறுபடி படிப்பதா, கோச்சிங் போவதா? விழுந்த தென்னைக்கு அரசு கொடுத்தது மரத்துக்கு 1,100 ரூபாய். அது போதாமல் சொசைட்டியில் அம்மாவின் நகையை வைத்து, மேற்கு மாவட்டம் ஒன்றில் ஹாஸ்டலோடு சேர்த்துவிட்டார் அப்பா. எட்டாவது மாதம் கொரோனா வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்தேன். தேர்வு செப்டம்பர் 13-க்குத் தள்ளிப்போக, மிச்சப் படிப்பு முழுக்க எங்கள் வீட்டுத் திண்ணையில். ஒரே தேர்வுக்கு இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

உயிரியலுக்குக் காசு கட்டாதீர்கள். 180 கேள்வியில் 90 அதில்தான். ஹாஸ்டலில் சார் என்சிஇஆர்டி புத்தகத்தை வரி வரியாக வாசிப்பார், நாங்கள் அடிக்கோடு போடுவோம். அதைத் திண்ணையிலும் செய்யலாம். நான் பழைய பாடத்திட்டத்தின் கடைசி செட், தமிழ் மீடியம் வேறு. பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் புதுப் பாடப்புத்தகங்களை இரவல் வாங்கி, தமிழில் புரிந்துகொண்டு, பிறகு என்சிஇஆர்டி-யில் அதே பாடத்தைப் படித்தேன்.

இயற்பியலுக்கு ஆள் வேண்டும். சாய்தளக் கணக்கில் மாதக்கணக்காகத் தப்பு விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சார் என் ரஃப் நோட்டை எட்டிப் பார்த்து, "உராய்வு விசையை எந்தப் பக்கம் போட்டிருக்கே, பாரு" என்றார். ஒரு நிமிஷ வேலை. யூடியூபில் பாடம் நடத்துகிறவருக்கு என் நோட்டு தெரியாதே! கட்டிய காசில் எனக்கு நின்றது இரண்டுதான்: அந்த சார், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு. மற்றபடி மார்க் வரிசைப்படிதான் பெஞ்சு. கடைமடைக்காரனுக்கு அங்கேயும் கடைமடைதான்.

வீட்டில் படிப்பதில் சிக்கல் வேறு மாதிரி. அந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-லேயே திறந்துவிட்டது. தண்ணீர் எங்கள் பக்கம் வந்ததும், "சும்மாதானே இருக்கே, மடையைப் பாத்துட்டு வா" என்று ஆரம்பித்தார்கள். புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது நம் வீடுகளில் சும்மா இருப்பதுதான். காலையில் எட்டு மணி வரை வயல், அதற்குமேல் என்னைக் கூப்பிடக் கூடாது என்று அப்பாவிடம் பேசி முடித்தேன். முதல் நாளே பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று, தேர்வு பகல் இரண்டு முதல் ஐந்து வரை. எங்கள் வீட்டில் அது சாப்பிட்டுக் கண் அசரும் நேரம். நானோ விடியற்காலையில் படித்துப் பழகியவன். ஃபோனை அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, ஜெராக்ஸ் எடுத்த ஓஎம்ஆர் தாளோடு ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். முதல் இரண்டு வாரம் தூங்கித்தான் விழுந்தேன்.

முதல் தடவை 180-ஐயும் நிரப்பியிருந்தேன்: 71 சரி, 109 தப்பு. இரண்டாம் தடவை 109 கேள்விதான் தொட்டேன்: 79 சரி, 30 தப்பு, மார்க் 286. சரியான விடை எட்டுதான் கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆனால் முந்தைய 71-ல் பாதி குருட்டாம்போக்கில் விழுந்தது. எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துக் காட்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

286-க்குச் சாதாரணமாக சீட்டு கிடைக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அந்த அக்டோபரில்தான் வந்தது. எனக்குச் சீட்டு கிடைத்தது அதில்தான். அதை மறைத்துவிட்டு என் படிப்பு முறையை மட்டும் பெருமை பேசினால் பொய். மறுவருஷம் எழுதுவதில் கூச்சமும் வேண்டாம். 2020-21-ல் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் என்னைப் போல் திரும்ப எழுதியவர்கள் என்கிறது ஏ.கே.ராஜன் குழு அறிக்கை.

போன வாரம் ஊருக்குப் போனபோது எதிர் வீட்டுப் பெண் கேட்டாள், "அண்ணே, கோச்சிங் சேரவா, வேண்டாமா?"

"பழைய கேள்வித்தாள் ஒண்ணை எடுத்துக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்கு வா. எழுதி முடி, இயற்பியல்ல எத்தனை போச்சுன்னு எண்ணிட்டு அப்பறம் பேசலாம்" என்றேன்.