"கொஞ்சூண்டு பால்கோவாதான்"

கிருஷ்ணன்கோவிலில் குடியிருந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆஸ்பத்திரிகளுக்கு மயக்க மருத்துவராகப் போய்வருகிறேன். பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது, என்ன கொடுத்தீர்கள் என்றுதான். குடலிறக்கத்துக்கு வந்த நாலு வயதுப் பையனின் அம்மாச்சி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கொஞ்சூண்டு பால்கோவாதான் டாக்டரம்மா. பச்சப்புள்ள பசி தாங்குமா?"

ஆபரேஷனை மறுநாளுக்கு மாற்றினோம். மில்லில் லீவு போட்டு வந்த அப்பாவுக்குக் கோபம். ஆனால் அம்மாச்சி மறைக்காமல் சொன்னதுதான் அந்தப் பிள்ளைக்குக் காவல். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் உள்ளது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

அதற்காகப் பட்டினி போடவும் வேண்டாம். இட்லி, பசும்பால், பவுடர் பால் என்றால் 6 மணி நேர இடைவெளி, நெய், எண்ணெய்ப் பலகாரம் என்றால் 8, தாய்ப்பாலுக்கு 4. வெறும் தண்ணீரோ சீனித்தண்ணீரோ 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். பல பேர் ராத்திரியிலிருந்தே தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார்கள். அது பாவம், தேவையும் இல்லை.

சளியையும் மறைக்காதீர்கள். சளி பிடித்த பிள்ளைக்கு மயக்கத்தின்போது குரல்வளை திடீரென இறுகி மூடிக்கொள்ளக்கூடும். வீட்டில் பீடி, சிகரெட் புகை இருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடும். எடைக்கு எடை பார்த்தால் கைக்குழந்தைக்குப் பெரியவர்களைப்போல் இரண்டு மடங்கு ஆக்சிஜன் வேண்டும், நெஞ்சில் கையிருப்போ குறைவு. குரல்வளை மூடிக்கொண்டால் மானிட்டரில் ஆக்சிஜன் எண் மளமளவென்று இறங்கும். அப்போது தாடையை முன்னுக்குத் தூக்கி, மாஸ்க்கை இறுகப் பிடித்து, அழுத்தத்தோடு முழு ஆக்சிஜன் கொடுப்பதுதான் முதல் வேலை. என்னிடம் பழகும் இளம் டாக்டர்களுக்கு ட்யூப் போடுவதற்கு முன்னால் மாஸ்க் பிடிக்கத்தான் கற்றுக்கொடுக்கிறேன். கைக்குழந்தைக்குத் தலை பெரிது; படுத்தால் கழுத்து மடங்கி மூச்சுவழி அடைபடும். தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்று வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஸ்கேனுக்குக் கொடுப்பது லேசான தூக்க மருந்துதானே என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் மூச்சைக் குறைக்கும். வயிற்றுக் கணக்கும் மானிட்டரும் அதற்கும் பொருந்தும். பிள்ளை நன்றாக விழித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள். அரைத்தூக்கத்தில் பைக்கில் நடுவே உட்காரவைத்தால் தலை தொங்கி, தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும்.

பால்கோவாவோ, சளியோ, ஆடுகிற பல்லோ, எதுவானாலும் மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தேதியை மாற்றிக்கொள்ளலாம்.