தெளிந்த நீரும் மீனற்ற ஆறும்

பிரிட்டனின் மேற்குப் பகுதியாகிய வேல்ஸ் நாட்டில், கார்டிகன்ஷயர் மலைகளிலிருந்து இறங்கி, அபெரிஸ்டுவித் என்னும் நகரில் கடலொடு கலக்கும் ஆறுகள் இரண்டு உண்டு. ஒன்று ரைடால், மற்றொன்று அஸ்ட்வித். பாறைகளின்மீது துள்ளியோடும் அவற்றின் குளிர்ந்த நீரில் அடியிற் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணிவிடலாம். எனினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாறுகளில் மீன்கள் இல்லை. சேறும் சாக்கடையும் கலந்த நீரில் மீன் மடிந்தால் வியப்பில்லை. பளிங்கு போன்ற நீரில் அஃது ஏன் வாழவில்லை?

அம்மலைகளில் ஈயச் சுரங்கங்கள் பல இருந்தன. தோண்டியெடுத்த தாதுவை நொறுக்கி, ஓடும் நீரில் அலசுவர். கனமான தாது அடியில் தங்கும். கழிவு ஆற்றோடு போகும். எஞ்சிய கசடு சுரங்க வாயில்களில் குன்றுகளாய்க் குவிந்தது. ஈயத்தோடு துத்தநாகமும் அதில் கலந்திருந்தது. கந்தகத்தோடு கூடிய இத்தாதுக்கள் எளிதில் நீரிற் கரைவன அல்ல. ஆனால், காற்றும் ஈரமும் படப்பட, அவை கரையக்கூடிய உப்புகளாக மாறும். நெடுநாள் வறட்சிக்குப்பின் மழை பெய்தால், அவ்வுப்புகள் ஒருங்கே கரைந்து ஆற்றில் இறங்கும். புதுவெள்ளம் மீனுக்குக் கொண்டாட்டம் என்பர். இங்கோ வெள்ளமே கூற்றாயிற்று.

இதனை முறையாக ஆராய்ந்தவர் காத்லீன் கார்ப்பெண்டர் என்னும் அம்மையார். 1920-களில் அவர் சிறு மீன்களை ஈய உப்புக் கரைசலில் இட்டு, அவை படும் பாட்டைக் கூர்ந்து நோக்கினார். மீனின் செவுள் மெல்லிய இழைகளால் ஆயது. நீரிற் கரைந்துள்ள பிராணவாயு அவ்விழைகளின் வழியே குருதியிற் சேரும். இழைகளை வழுவழுப்பான கோழை ஒன்று போர்த்திக் காக்கின்றது. ஈய உப்பு பட்டவுடன் அக்கோழை உறைந்து திரைபோற் படிந்தது. மீன் செவுள்மூடியை விரைவாக அடித்துக்கொண்டது, பின்னர்த் தளர்ந்தது, சுற்றிலும் பிராணவாயு இருந்தும் மூச்சடைத்து இறந்தது. காலந்தாழாது எடுத்துத் தூய ஓடுநீரில் விட்ட மீன்களோ திரை நீங்கிப் பிழைத்தன. காவலாய் அமைந்த கோழையே உயிரைக் கவர்ந்தது என்பது எத்துணை விந்தை!

உலோகம் மிகுந்தால் நேரும் விரைந்த சாவு இது. சிறிய அளவும் தீங்கற்றதன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. துத்தநாகமும் காட்மியமும் செவுள் வழியாக உடலிற் சேரவேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தடுக்கின்றன. ஈயம் நெடுநாள் சேர்ந்தால் டிரவுட் மீனின் வால் கறுக்கிறது, முதுகெலும்பு வளைகிறது. செம்பு மோப்பத்தை மழுங்கச் செய்கிறது. மோப்பம் கெட்ட மீன் பகையை அறிந்து விலகுவது எங்ஙனம்? நீரின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. சுண்ணாம்பு மிகுந்த கடினநீரில் இவ்வுலோகங்களின் நச்சுத்தன்மை தணியும். வேல்ஸ் மலை ஆறுகளின் நீரோ மென்னீர். ஆதலின் அங்கு மீன்களுக்கு அக்காப்பும் இல்லை.

பின்னர்ச் சுரங்கத்தொழில் நலிந்தது. தாது அலசுதல் நின்றபின் ரைடால் ஆறு மெல்ல உயிர்பெற்றது. முன்னர்ப் பதினைந்து வகை சிற்றுயிர்கள்கூட இல்லாதிருந்த பகுதியில், 1930-களின் தொடக்கத்தில் நூறு வகைக்குமேல் காணப்பட்டன. அஸ்ட்வித்துக்கு அந்நற்பேறு விரைவில் வாய்க்கவில்லை. 1940-இல் வெளிவந்த எரிக்சன் ஜோன்ஸ் என்பாரின் ஆராய்ச்சி, அங்கே மீன் வாழாமைக்குத் துத்தநாகமே காரணம் எனக் காட்டியது. தொழிலாளர் வெளியேறிப் பல்லாண்டுகள் ஆகியும், கைவிட்ட சுரங்க வாய்களிலிருந்தும் கசடுக் குன்றுகளிலிருந்தும் உலோகம் கரைந்த நீர் இன்றும் அவ்வாற்றில் வந்து விழுகின்றது.