மலைப்பாதையில் மிதிவண்டி: பராமரிப்பும் பாதுகாப்பும்

"மலையில் சைக்கிளுக்கு என்ன வேலை?" என்று கீழ்நாட்டிலிருந்து வருவோர் கேட்பதுண்டு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறிவரும் சாலையையும், ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு வரும் சாலையையும் மட்டும் கண்டவர்களுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் ஏறி முடித்தபின் ஜவ்வாது மலையின் நிலம் வேறு விதமாக இருக்கிறது. காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அவ்வுயரத்தையொட்டி மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தில்தான் சாமைக் கொல்லைகளும், புளிய மரங்களும், பலா மரங்களும், அவற்றினிடையே சிற்றூர்களும் உள்ளன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் இருக்கும். இடையே இரண்டு ஏற்றங்கள், இரண்டு இறக்கங்கள். பஸ் தவறிய மாணவனுக்கும், ரேஷன் கடைக்குச் செல்லும் குடியானவனுக்கும் சைக்கிளே உற்ற துணை.

கிராம வளர்ச்சிப் பணிக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு உண்டு. 1952 அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபின், கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்றது பெரும்பாலும் சைக்கிளில்தான். 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்து, ஆயிரக்கணக்கானோரைப் பிறர் துணையின்றிப் பிரயாணம் செய்ய வைத்தது. தமிழக அரசு 2001-2002 ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் அதனை ஏனைய மாணவ மாணவியருக்கும் விரிவுபடுத்தியது. ஆகவே சைக்கிள் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வந்த சைக்கிளைப் பேணுவது எவர் பொறுப்பு என்பதே இப்பொழுது நம்முன் உள்ள கேள்வி.

ஒரு நிகழ்ச்சி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பள்ளி விட்டுத் திரும்பிய ஒரு மாணவி, இறக்கத்தின் அடியிலுள்ள வளைவில் சைக்கிளை நிறுத்த இயலாமல் ஓடைப் பள்ளத்தில் விழுந்தாள். கை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்து நேரவில்லை. நான் சென்று அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். பின் சக்கரத்தின் பிரேக் கட்டைகள் இரண்டும் தேய்ந்து, அவற்றைத் தாங்கும் இரும்பே ரிம்மில் உராய்ந்திருந்தது. முன் பிரேக் கழன்று தொங்கியது. அது வழங்கப்பட்டு ஓராண்டுகூட நிறையவில்லை. சைக்கிள்கள் வழங்கப்பட்ட விழாவில் நானும் மேடையில் இருந்தேன். அன்று கை தட்டிய எங்களில் ஒருவரும், அதன்பின் ஒரு நாளேனும் ஒரு ஸ்பானரைக் கையில் எடுத்ததில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெட்கமே.

இறக்கத்தின் கணக்கு

சமவெளியில் பிரேக் கெட்டால் மிதிப்பதை நிறுத்தினால் போதும். சைக்கிள் தானே நின்றுவிடும். மலையில் அவ்வாறு நிற்பதில்லை. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றின் தடையும் பாதையின் உராய்வும் அதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை விரல் நீளமுள்ள சில ரப்பர் கட்டைகளே ஏற்றுக்கொள்ள வேண்டும். பின்னால் 40 கிலோ மூட்டை ஏற்றினால் இச்சுமை ஒன்றரை மடங்காகிறது.

வேகம் இரு மடங்கானால் நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் 5 மீட்டரில் நிற்கும் சைக்கிள், 40 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டர் ஓடியே நிற்கும். ரிம் நனைந்திருந்தால் அத்தூரம் இன்னும் பெருகும். எனவே மலையில் சைக்கிளின் முதல் உறுப்பு பிரேக்கே ஆகும்.

பிரேக்கைச் சோதித்தல்

கம்பி பிரேக் ஆயினும் வயர் பிரேக் ஆயினும் சோதனை ஒன்றே. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுக. முன் சக்கரம் சுழலக் கூடாது. பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பிரேக்கை முழுதும் பிடித்த நிலையில், பிடிக்கும் கைப்பிடிக்கும் ஹேண்டில் பாருக்கும் இடையே இரு விரல் நுழையும் இடம் எஞ்ச வேண்டும். அவ்வளவு எஞ்சாவிடில் கம்பியையோ வயரையோ இறுக்க வேண்டும்.

கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இருந்தால் போதும். கட்டையின் மேலுள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். புதிய கட்டையைப் பொருத்துகையில் ஒரு செய்தியை மறத்தலாகாது. கட்டையைத் தாங்கும் தகட்டின் ஒரு முனை மூடியும், மறு முனை திறந்தும் இருக்கும். ரிம் ஓடும் திசையில் மூடிய முனை இருத்தல் வேண்டும். மாற்றிப் பொருத்தினால், பலமாகப் பிரேக் பிடித்த கணத்திலேயே கட்டை நழுவி வெளியே விழும். ரிம்மிலும் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது.

சக்கரம் கோணினாலும் பிரேக் பிடிக்காது. பழைய மாதிரி 28 அங்குலச் சைக்கிளின் முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பிகளும், பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் இருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்து, தளர்ந்ததைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக முறுக்கினால் ரிம் வளைந்துவிடும்.

இறங்கும் முறை

இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும். இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடிப்பது முறை. சைக்கிளை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. எனினும் அதை மட்டும் வெடுக்கெனப் பிடித்தால் ஆள் முன்னே கவிழ நேரிடும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் சறுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணித்துவிட வேண்டும். வளைவினுள் பலமாகப் பிரேக் பிடித்தலாகாது. மழையில், தேவைப்படும் இடத்திற்குச் சற்று முன்னரே இலேசாகப் பிரேக் பிடித்து வந்தால் ரிம்மிலுள்ள நீர் துடைபட்டுப் பிடிப்பு உண்டாகும். மூட்டை ஏற்றியவர், செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிச் செல்வதே அறிவுடைமை. அதில் இழிவு ஏதுமில்லை.

ஏற்றத்தை எளிதாக்குதல்

பல சைக்கிள்களின் செயின் வீலில் 48 பற்களும், ஃப்ரீவீலில் 18 பற்களும் உள்ளன. ஒரு முறை மிதித்தால் 28 அங்குலச் சைக்கிள் ஏறத்தாழ 5.9 மீட்டர் செல்லும். சமவெளிக்கு இது நன்று, மலைக்குக் கடினம். 22 பல் ஃப்ரீவீலை மாட்டினால் ஒரு மிதிக்கு 4.8 மீட்டரே செல்லும். ஆனால் காலுக்கு வேண்டிய பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் ஓரிரு கண்ணிகள் சேர்க்க வேண்டியிருக்கும். வேறு மாற்றம் வேண்டியதில்லை. ஃப்ரீவீல் தேய்ந்து புதிது வாங்கும் வேளையில் இதைக் கேட்டு வாங்கலாம்.

சீட்டின் உயரமும் கவனிக்கத்தக்கது. குதிகாலைப் பெடல்மீது வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீண்டால் உயரம் சரியானது. தாழ்ந்த சீட்டு முழங்காலை வருத்தும். பழகாத சிறுவருக்கு மட்டும் கால் தரையில் ஊன்றுமாறு தாழ்த்தி வைக்கலாம்.

செயினை வாரம் ஒரு முறை துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய் இட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். மிகுந்த எண்ணெயில் புழுதி ஒட்டிப் பற்களை அரிக்கும். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்து பார்க்கையில், 12 அங்குலத்தைக் கடந்து எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயின் மாற்றத்தக்கது. டயரில் காற்றுக் குறைந்தால் மிதிப்பது சுமையாவதோடு, கல்லில் மோதி ரிம்மும் நசுங்கும். பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கினால் முதலில் வால் டியூபைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அதில்தான் இருக்கும்.

பஞ்சாயத்தின் கடமை

கோவிலூர், நம்மியம்பட்டு, வீரப்பனூர் போன்ற ஊராட்சிகளின் உட்கிராமங்களிலிருந்து பழுது பார்ப்பதற்காகவே கடை தேடிச் செல்வது ஒரு நாள் வேலை. ஒரு நாள் கூலியை இழக்க மனமின்றி, "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ளுவதே பழுதின் வேர். ஆகையால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, ஊருக்கு ஒரு கருவிப் பெட்டி. இரண்டு மூன்று ஸ்பானர்கள், ஒரு திருப்புளி, காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், பஞ்சர் ஒட்டும் சொலுஷன், எண்ணெய்க் குப்பி, சில ஜோடி பிரேக் கட்டைகள், வால் டியூப் ஆகியவை இதில் இருந்தால் போதும். ஊரார் சிறு தொகை சேர்த்தே இதனை வாங்கிவிடலாம். இரண்டாவது, ஊருக்கு ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும் இவ்வேலையைப் பழகுதல். நல்ல மெக்கானிக் ஒருவரிடம் சில நாட்கள் உடனிருந்தால் கற்றுவிடலாம். மூன்றாவது, மாதந்தோறும் ஒரு நாள் பள்ளி முற்றத்தில் எல்லாச் சைக்கிள்களையும் சோதித்து, தேறாததைச் சீர் செய்த பிறகே இறக்கத்தில் ஓட்டவிடுதல்.

அக்டோபர் 2 ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. அதையொட்டியே வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. அன்று சபைக்கு வருவோர் தத்தம் சைக்கிளோடு வரட்டும். தீர்மானங்கள் படிக்கப்படுமுன் பிரேக்குகள் சோதிக்கப்படட்டும். கை முறிந்த அம்மாணவி மீண்டும் சைக்கிளில்தான் பள்ளி செல்கிறாள். அவள் இறங்கும் பாதையில் நம் பிள்ளைகள் அனைவரும் இறங்குகின்றனர். அவர்கள் பத்திரமாக வீடு சேர ஒரு ஸ்பானரும் மாதத்தில் அரை நாள் உழைப்புமே நம்மிடம் வேண்டப்படுவன.