சுருள்மயிர் நாயும் சீப்பும்

“நாய்க்கு மயிர் சீவுவதும் ஒரு கட்டுரைப் பொருளாகுமோ?” என்று மன்ற நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். மயிர் என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிப்பவரும் உளர். மானம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இருமுறை கூசாது ஆண்ட சொல் அது. நானும் அவ்வாறே ஆள்கிறேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டு நாய் பட்ட துன்பமே இதனை எழுதத் தூண்டிற்று. அத்துன்பத்துக்குக் காரணம் நானே என்பதையும் முதலிலேயே சொல்லி விடுகிறேன்.

என் பெற்றோர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். எங்கள் வீடு லயத்தில் ஓர் அறையும் அடுக்களையும். பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் தாய்மாமன் இருக்கிறார். அவர் வீட்டுக்கு அருகே ஒரு பூடில் பெட்டைநாய், தெருவில் திரிந்த பொமரேனியக் கலப்பு நாயோடு கூடி நான்கு குட்டிகள் ஈன்றது. இரண்டு குட்டிகளுக்குக் குட்டைமயிர். ஒன்றுக்கு அலையலையாக நீண்ட மயிர். நான்காவதற்கு ஆட்டுக்குட்டியைப் போலச் சுருள்மயிர். அந்த நான்காவதைத்தான் மாமா எனக்குக் கொடுத்தார். லயத்துப் பிள்ளைகள் அதற்குச் ‘சுருட்டை’ என்று பெயரிட்டனர்.

ஒரே வயிற்றில் பிறந்தவற்றுள் ஏன் இவ்வளவு வேறுபாடு? அறிவியல் மாணவனுக்கு இக்கேள்வி எழாமல் இருக்குமா? நாய்களின் மயிர் வகையைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான விடை தருகிறது. ஏறத்தாழ எண்பது இனங்களைச் சேர்ந்த ஆயிரம் நாய்களை ஆராய்ந்து, மயிரின் பெரும்பாலான வேறுபாடுகளுக்கு மூன்று மரபணுக்களே காரணம் என்று கண்டார்கள். எஃப்.ஜி.எஃப்.5 என்பது நீளத்தைத் தீர்மானிப்பது. ஆர்.ஸ்போ.2 என்பது மீசையும் புருவமும் தடித்து வளரச் செய்வது. கே.ஆர்.டி.71 என்பது சுருளைத் தருவது. நீள்மயிர் ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருபாலும் அது வந்தால்தான் வெளிப்படும். ஆகவே சுருட்டையின் உடன்பிறந்த இரண்டுக்குக் குட்டைமயிர் வந்ததைக் கொண்டே, தெருநாய்த் தந்தையிடம் குட்டைமயிர்ப் பண்பும் ஒன்று இருந்தது என்று ஊகிக்கலாம். சுருளோ, முழுதும் ஓங்குவதுமில்லை, முழுதும் ஒடுங்குவதுமில்லை. ஒருபக்கம் மட்டும் வந்தால் பெரும்பாலும் அலையாக நிற்கும். இருபக்கமும் வந்தால் நன்றாகச் சுருளும். கலப்பு நாயின் மயிர் எப்படி அமையும் என்று விற்பவர் உறுதி கூறினால் நம்ப வேண்டா.

ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றும் நிறுவனத்தில் பணியாற்றியவர் வாலி கான்ரன். ஹவாய்த் தீவில் இருந்த ஒரு பெண்மணிக்கு வழிகாட்டும் நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய்மயிர் ஒவ்வாது. 1980-களின் இறுதியில் கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். பிறந்த குட்டிகள் மூன்று. அவற்றுள் அக்கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று! இந்தச் செய்தியை மறந்துவிட்டு, ‘உதிராத மயிர், ஒவ்வாமை இல்லாத நாய்’ என்று உலகெங்கும் விற்கத் தொடங்கினார்கள். கண்டபடி கலப்பினம் பெருக்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்துவிட்டோமே என்று 2019-இல் கான்ரனே வெளிப்படையாக வருந்தினார். ஒவ்வாமையைத் தூண்டுவது நாயின் எச்சிலிலும் தோலிலும் உள்ள புரதம். மயிரின் சுருளுக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இல்லை.

இனி, ‘உதிராத மயிர்’ என்பதன் உண்மையைப் பார்ப்போம். நம் இராசபாளையம், சிப்பிப்பாறை, எல்லைக்கு அப்பால் தேனி மாவட்டத்துக் கோம்பை ஆகிய நாய்களுக்கெல்லாம் உடலோடு ஒட்டிய குட்டைமயிர். முதிர்ந்த மயிர் தானே தரையில் விழுந்துவிடும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். சுருள்மயிர் நாய்க்கும் மயிர் உதிரத்தான் செய்கிறது. உதிர்ந்தது தரைக்கு வருவதில்லை. பக்கத்துச் சுருளில் சிக்கி உள்ளேயே தங்கிவிடுகிறது. மயிரின் மேற்புறம் மீன்செதிள் போன்ற நுண்ணிய செதிள்களால் ஆனது. ஈரமும் உராய்வும் சேரும்போது செதிளோடு செதிள் மாட்டி இறுகும். கம்பளி நெய்யாமலே கம்பளமாவது இவ்வாறுதான். பொமரேனியக் கலப்பால் சுருட்டைக்கு அடிமயிர் வேறு அடர்ந்திருந்தது. நிறைய உதிரும் அடிமயிர், உதிர்ந்ததை விடாத மேல்மயிர். இரண்டும் சேர்ந்தால் சடை பிடிக்கக் கேட்க வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறையில் இருந்தவரை தொல்லை வேறு வகையானது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில் புழுதி படியும். வேலியோர நாயுருவி விதைகள் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அதைவிட உண்ணியே பெரும்பகை. சுருளுக்குள் புகுந்த உண்ணி கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் காண வேண்டும். எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரை நாய்க்கு நாய் பரப்புவது இந்தப் பழுப்பு உண்ணியே. அதை நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் தடவுவதும் தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மூணாற்றிலோ தொல்லை ஈரம். ஆனி ஆடி மாதங்களில் நாள்கணக்கில் வெயில் தலைகாட்டாது. துணியே காயாத ஊரில் நாயின் அடிமயிர் எப்படிக் காயும்?

நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும்போது அம்மாவிடம் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, “தினமும் சீவிவிடுங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனபோது சுருட்டை எழுந்து வரவில்லை; படுத்தபடியே வாலை ஆட்டியது. மேலே பார்த்தால் மயிர் பளபளவென்று இருந்தது. முன்னங்கால் இடுக்கில் கைவைத்தேன். பலகைபோல் ஒரு சடை. காதின் பின்னும் அடிவயிற்றிலும் அப்படியே. காலை நீட்டும்போதெல்லாம் சடை தோலை இழுத்திருக்கிறது.

“ஏலே, தினம் சீவத்தானே செஞ்சேன்? ஞாயித்துக்கிழம தவறாம குளிக்க வேற வச்சேன்” என்றார் அம்மா. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கொழுந்து பறித்துக் களைத்து வந்த கையால் நாள்தோறும் சீவியிருக்கிறார். பிரஷ் மேற்பரப்பில் மட்டும் ஓடியிருக்கிறது. அடியில் சிக்கு வளர்ந்திருக்கிறது. சிக்கோடு குளிப்பாட்டியதால் அது மேலும் இறுகியிருக்கிறது. இவற்றை அவருக்குச் சொல்லிக் கொடுக்காமல் போனவன், விலங்கியல் படிக்கும் மகன்!

அரசு கால்நடை மருத்துவமனையில் டாக்டர் கிளிப்பர் கொண்டு மழித்தபோது சடை ஒரே தகடாக, சாக்குத்துண்டுபோல் வந்தது. இடுக்கின் அடியில் தோல் வெந்து, ஈ முட்டையிட்டுப் புழு வைத்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார். புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

அதன்பின் நானும் அம்மாவும் சேர்ந்து பழகிய முறை இது. முதலில் நாயைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். ஒரு கையால் மயிரை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழுள்ள மயிரை மட்டும் சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். தோல் தெரியாமல் சீவுவது சீவுவதே அன்று. பிறகு அரை அங்குலம் மேலே அடுத்த கோடு. முடித்தபின் இரும்புச் சீப்பை அடிமுதல் நுனிவரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரஷ் பொய் சொல்லும், சீப்பு சொல்லாது. காதின் பின்புறம், கால் இடுக்குகள், கழுத்துப்பட்டையின் அடி, வாலின் அடி ஆகியவற்றை நாள்தோறும் பார்க்க வேண்டும். மற்ற இடங்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். குட்டிமயிர் மாறிப் பெரியமயிர் வரும் எட்டு முதல் பன்னிரண்டு மாத வயதில் மட்டும் எந்த இடத்தையும் ஒருநாள்கூட விடக்கூடாது.

சிறு சிக்கு கண்டால் அதன் வேரைத் தோலோரம் விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து அவிழ்க்க வேண்டும். அப்போதுதான் இழுப்பு தோலுக்குப் போகாது. பாட்டியின் பழைய சிணுக்கோலி எங்களுக்கு இதில் பெரிதும் உதவியது. சோளமாவு சிறிது தூவினால் இழைகள் வழுக்கிப் பிரியும். கத்தரிக்கோலால் சடையை வெட்டப் போவது ஆபத்து. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. சடையோடு சேர்ந்து அது மேலெழும்பி நிற்கும். மயிரென்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். பெரிய சடையைக் கிளிப்பரால் எடுப்பதே இரக்கம். கிளிப்பரின் அலகு சூடேறும். அடிக்கடி புறங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிக்கெடுத்த பின்னரே குளியல். நம் சோப்பு வேண்டா. மனிதத் தோல் அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நாய்க்கென விற்கும் ஷாம்புவை வெதுவெதுப்பான நீரில் தேய்த்து, வழவழப்பு நீங்கும்வரை அலச வேண்டும். துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் மீண்டும் சிக்கு. அடிமயிர் காயும்வரை சீவிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு அடுப்பங்கரைதான். தீயிலிருந்து எட்டிய தூரத்தில். தொங்கும் காதுக்குள் நீர் தங்கினால் பூஞ்சை வளரும். வெளிமடலைத் துடைப்பதோடு நிறுத்துக. குழாய்க்குள் குச்சியோ பஞ்சோ விடலாகாது. தேங்காயெண்ணெய் தடவினால் மினுக்கும், புழுதியும் ஒட்டும். தேயிலைமர எண்ணெய் என்று குப்பியில் விற்கும் பொருள் நாய்க்கு நஞ்சு. நம் தேயிலைக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை.

இவ்வளவும் கொழுந்து பறித்து வருபவருக்கு நாள்தோறும் இயலுமா? இயலாது என்பதே என் முடிபு. எனவே நீண்ட சுருளின் அழகை நாங்கள் விட்டுவிட்டோம். வைகாசி பிறந்ததும், மழைக்கு முன், மயிரை ஓர் அங்குலமாகக் கத்தரிக்கிறோம். மழை ஓயும்வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும். தோல்வரை மழிப்பதில்லை. மழித்தால் மூணாற்றில் குளிர், கொழிஞ்சாம்பாறையில் வெயில், இரண்டும் தோலைத் தாக்கும். கத்தரித்த நாளில் லயத்துப் பிள்ளைகள் சுருட்டையைப் பார்த்து, “மொட்டை, மொட்டை” என்று சிரித்தார்கள். அதற்கு ஒன்றும் தெரியவில்லை, அவர்களோடு ஓடிற்று.

சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் அழைத்தார். என் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னரே, “கக்கத்துல சீப்பு நல்லா ஓடுதுப்பா. காதுக்குப் பின்னால ஒரு சின்னச் சிக்கு இருந்துச்சு, எடுத்துட்டேன்” என்றார்.