உளவியல்: நமது மண்ணுக்கு வேண்டிய கல்வி

மனிதன் எவ்வாறு சிந்திக்கிறான், எவ்வாறு உணர்கிறான், ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பவற்றை முறையாக ஆராயும் அறிவுத்துறையே உளவியல். உள்ளத்தைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. கவலை மிகுந்தால் உறக்கம் கெடுகிறது. கோபம் வந்தால் குரல் உயர்கிறது. இவ்வெளிப்பாடுகளை அவதானித்தும் பரிசோதித்தும் உள்ளத்தின் இயல்பை அறிய முயல்கிறது இத்துறை.

உளவியல் என்றால் என்னவென்று வகுப்பில் நான் கேட்கும்போது பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். “மற்றவர் மனதில் நினைப்பதைக் கண்டுபிடிக்கும் கலை” என்பது ஒன்று. “பைத்தியத்துக்குச் செய்யும் வைத்தியம்” என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. உளவியலாளர் மந்திரவாதியல்லர், நாம் சொல்லாததை அவரால் அறிய முடியாது. அத்தோடு குழந்தையின் வளர்ச்சி, கற்றல், ஞாபகம், குடும்ப உறவு என நலமாக வாழ்வோரின் அன்றாட வாழ்க்கையே இத்துறையின் பெரும்பகுதியாகும்.

1879ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் ஓர் ஆய்வுகூடத்தை நிறுவினார். நவீன உளவியல் தனித்துறையாக எழுந்தது அதிலிருந்துதான் என்பர். ஆயினும் உள்ளத்தைப் பற்றிய சிந்தனை நமக்குப் புதிதன்று. உள்ளத்து உணர்ச்சி உடலில் தோன்றும் விதத்தைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டாக வகுத்தார். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற முஸ்லிம் அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். கோபம், அச்சம், கவலை, ஓயாது வந்து அலைக்கழிக்கும் வீண் எண்ணம் ஆகியவற்றை உள்ளத்தின் நோய்களாக அவர் விளக்கினார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல, துன்ப வேளைக்கென நல்ல எண்ணங்களை முன்கூட்டியே சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவரது அறிவுரை. நோயைத் தந்த இறைவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்பும் நாம், உள்ளத்தின் நோயை மட்டும் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

நமது திருகோணமலை மாவட்டத்துக்கு இக்கேள்வி மிக முக்கியமானது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் பொங்கியபோது கிண்ணியா வைத்தியசாலைக்குள்ளும் அலை புகுந்தது. 2006 ஓகஸ்டில் யுத்தத்தினால் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளும் உயிரிழந்தனர். வீடுகளைத் திரும்பக் கட்டலாம், பாலங்களையும் அமைக்கலாம். உள்ளத்தில் விழுந்த வடுவை யார் பார்ப்பது?

சுனாமி நடந்து சில வாரங்களில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று இடங்களில் 264 சிறுவர்களிடம் ஆய்வொன்று நடத்தப்பட்டது. இடத்துக்கு இடம் 14 முதல் 39 வீதமானோரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. குடும்பத்தில் நேர்ந்த இழப்பும், முன்னர் பட்ட துன்பங்களும் பாதிப்பை அதிகரித்தன. இவ்வெண்கள் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்நோய் வரவில்லை. எனவே துன்பத்தைக் கண்ட எல்லோரையும் நோயாளியென எண்ணக்கூடாது. அதேவேளை பாதிக்கப்பட்டோரின் தொகை சிறிதன்று. எனவே “காலம் போனால் மறந்துபோகும்” என்று அவர்களைக் கைவிடவும் கூடாது.

நம்மவர் மனத்துன்பத்தை நேரடியாகச் சொல்வது குறைவு. “நெஞ்சு அடைக்குது”, “தலை விறைக்குது”, “மனசு பாரமாக இருக்குது” என்பார்கள். மாத்திரை வாங்கிக் குடித்தும் குறையாவிட்டால், “ஜின் பிடித்திருக்கிறது” என்போரும் உண்டு. துஆக் கேட்பதும் ஓதிப் பார்ப்பதும் உள்ளத்துக்கு ஆறுதல் தரும்; அதை நான் மறுக்கவில்லை. காய்ச்சலுக்கு துஆவும் கேட்டு வைத்தியரிடமும் போகிறோமல்லவா? மனதுக்கும் அதுவே முறை. பெண்பிள்ளை என்றால் “வெளியே தெரிந்தால் கலியாணம் தடைப்படும்” என்று மூடிமறைப்பதால் நோய் முற்றுகிறது, பிள்ளையும் தனித்துப்போகிறாள்.

யாரிடம் போவது என்பதையும் அறிந்துகொள்வோம். மருந்து எழுதிக் கொடுப்பவர் உளமருத்துவர். உள்ளத்தின் போக்கைப் பரிசோதித்து, பேச்சின் மூலமும் பயிற்சியின் மூலமும் சிகிச்சை அளிப்பவர் உளவியலாளர். பிரச்சினையைப் பொறுமையாகக் கேட்டு, நாமே வழி காண உதவுபவர் உளவளத்துணையாளர். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

உளவியல் கற்றவர் துன்பப்பட்டவரிடம் முதலில் செய்வது அறிவுரை கூறுவதன்று. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் மூன்று படிகளைக் கூறுகிறது: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணை. நடந்ததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. “அழாதே, உன்னைவிடக் கஷ்டப்பட்டவர் எத்தனை பேர்!” என்று நாம் சொல்லும் ஆறுதலே சிலவேளை காயத்தைக் கிளறிவிடும் என்பதை இக்கல்வி நமக்கு உணர்த்துகிறது.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவிகளுக்கும் இதில் பயனுண்டு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன் ஞாபகத்தையே சோதித்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். புதிதாகப் படித்ததில் பெரும்பகுதியை முதல் நாளிலேயே மறந்துவிடுகிறோம் என்றும், நாட்களைப் பிரித்துப் படித்தால் மனதில் நிலைக்கும் என்றும் அவர் கண்டார். இரவு முழுதும் விழித்திருந்து படிப்பதைவிட, நான்கு நாட்கள் சிறிது சிறிதாகப் படித்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது சிறந்தது.

“இதைப் படித்து என்ன தொழில் செய்யலாம்?” என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. பாடசாலை, வைத்தியசாலை, பிரதேச செயலகம் எங்கும் தமிழ் பேசும் உளவளத்துணையாளருக்குத் தேவை இருக்கிறது. சுனாமிக்குப் பின் உதவ வந்த வெளிநாட்டவர் பலர் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே நம்மவரிடம் பேசினர். “மனசு பாரம்” என்று ஓர் உம்மா சொன்னால், அந்தச் சொல்லின் எடை நம் மொழியில் வளர்ந்தவளுக்கே முழுதாக விளங்கும். ஆண்களிடம் சொல்லத் தயங்குவதை அந்தத் தாய் ஒரு பெண்ணிடம் சொல்வாள்.

ஆகவே மாணவிகளே, பல்கலைக்கழகப் பாடத்தைத் தெரிவுசெய்யும்போது உளவியலையும் எண்ணிப் பாருங்கள். பெற்றோரே, உங்கள் மகள் அதை விரும்பினால் தடுக்காதீர்கள். அவள் கற்கும் கல்வி, நமது கரையோர வீடுகளில் பல்லாண்டுகளாகப் பேசப்படாதிருக்கும் துயரங்களைக் கேட்கும் காதாக அமையட்டும்.