அணைத்தும் அணையாத லேப்டாப்

கேள்வி: விண்டோஸ் 11 லேப்டாப்பை தினமும் இரவில் ஷட் டவுன் செய்கிறேன். காலையில் சில நாள் வைஃபை தெரிவதில்லை, சில நாள் சத்தம் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது. ஹார்டுவேர் கோளாறா?

பதில்: அநேகமாக இல்லை. என் சந்தேகம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மீதுதான். 2012-ல் விண்டோஸ் 8 உடன் வந்த வசதி. ஷட் டவுன் கொடுத்ததும் புரோகிராம்கள் மூடப்படும். ஆனால் கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்து ஏற்றுவதால் சீக்கிரம் ஆன் ஆகிறது. நேற்று குழம்பிய வைஃபை டிரைவர் இன்றும் அதே குழப்பத்தோடு எழுந்திருக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். (பெயர்களைக் கேட்டால் நேர்மாறாகத் தோன்றும், யார் வைத்தார்களோ!)

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தில் 'அப் டைம்' பாருங்கள். நேற்றிரவு அணைத்த லேப்டாப் பல நாளாக ஓடுவதாகக் காட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்த, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்களுக்கான பக்கத்தைத் திறங்கள். அதற்கான டிக் பெட்டி மங்கலாக இருக்கும். மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியைச் சொடுக்கிய பிறகே டிக்கை எடுக்க முடியும். எஸ்எஸ்டி இருந்தால் சில நொடிகள்தான் நஷ்டம். அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே வைஃபை, ஆடியோ டிரைவர்களை இறக்கிப் போடுங்கள்.